குளத்துக் கோபுரமும் கடைக் கண்ணாடியும்

மயிலாப்பூர்த் தெப்பக்குளத்தில் தண்ணீர் நிறைந்திருக்கும் மாதங்களில், சாயங்கால வெயில் கபாலீசுவரர் கோயிலின் மேற்குக் கோபுரத்தில் விழும் நேரம் பார்த்து எதிர்க்கரைப் படிக்கட்டில் நின்றால், கணினி வரைகலையின் பழைய சிக்கல் ஒன்றைக் கண்ணெதிரே பார்க்கலாம். 120 அடி உயர ராஜகோபுரம் கோயிலின் கிழக்கு வாசலில் இருக்கிறது. குளத்தைப் பார்த்து நிற்பது மேற்கு வாசலின் சிறிய கோபுரம்தான். அதன் உருவமும், குளத்து நடுவே இருக்கும் நீராழி மண்டபத்தின் உருவமும் தலைகீழாக நீரில் அசைகின்றன. இந்தக் காட்சியை ஒரு கணினி விளையாட்டிலோ திரைப்படத்திலோ உருவாக்க வேண்டும் என்று வையுங்கள். அந்தத் தலைகீழ் உருவத்தை வரையப் பல வழிகள் இருக்கின்றன. கிட்டத்தட்ட எல்லா வழிகளிலும் ஏதோ ஒரு பிழை இருக்கிறது. எந்தப் பிழையை எந்த இடத்தில் அனுமதிக்கலாம் என்று தீர்மானிப்பதுதான் இந்தத் தொழிலின் சாரம் என்பது என் துணிபு.

விதியைப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம். கண்ணிலிருந்து நீர்ப்பரப்பில் ஒரு புள்ளிக்குக் கோடு இழுத்து, அங்கிருந்து அதே கோணத்தில் மேலே திருப்பினால், அந்தக் கோடு எதன்மேல் போய் முட்டுகிறதோ அதன் நிறம் அந்தப் புள்ளியில் தெரியும். எதன்மேல் முட்டுகிறது என்று கண்டுபிடிப்பதில்தான் சிரமமெல்லாம். கோபுரத்துச் சுதைச் சிற்பங்களை முப்பரிமாணத்தில் செய்தால் லட்சக்கணக்கான முக்கோணங்கள் சேர்ந்துவிடும். 1920 × 1080 அளவுள்ள திரையில் 20,73,600 பிக்சல்கள். விநாடிக்கு 60 ஃபிரேம் ஓடும் விளையாட்டில், பிக்சலுக்கு ஒரே ஒரு கதிர் என்றாலும் விநாடிக்குப் பன்னிரண்டு கோடிக்கு மேல் கதிர்களைத் துரத்த வேண்டும். ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பதோ 16.7 மில்லி விநாடி. நிழல், புகை, மனித நடமாட்டம் எல்லாமே அதற்குள் முடிய வேண்டும். கதிரைத் துரத்தாமலேயே பிரதிபலிப்பைக் காட்டும் உத்திகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிறந்ததற்குக் காரணம் இந்த நெருக்கடிதான்.

குளத்துக்குப் பொருந்தும் முதல் உத்தி, தளப் பிரதிபலிப்பு. நீர்மட்டம் தட்டையாக இருப்பதால், காமிராவை நீர்மட்டத்துக்குக் கீழே அதே தொலைவில் தலைகீழாக வைத்து முழுக் காட்சியையும் இன்னொரு முறை வரைந்து, அந்தப் படத்தை நீர்ப்பரப்பில் பதித்துவிடலாம். அசையாத நீரில் இதன் விடையும் கதிரைத் துரத்திப் பெறும் விடையும் ஒன்றே. சிற்றலை வேண்டுமென்றால், அலை சாய்ந்திருக்கும் பக்கமாகப் படத்தைச் சற்று நகர்த்துகிறார்கள். அந்த நொடியே துல்லியம் போய்விடுகிறது. ஆனால் அலையில் கலைந்த கோபுரத்தில் எந்தச் சிற்பம் எங்கே வரவேண்டும் என்று யாரும் சரிபார்ப்பதில்லை. ஆக, அந்தப் பிழையை அனுமதிக்கலாம். செலவு என்னவென்றால், காட்சியை இரண்டு முறை வரைய வேண்டும். ஒரு குளத்துக்கு அது பெரிதில்லை.

இரண்டாவது உத்தி, திரைவெளிப் பிரதிபலிப்பு. 2011-இல் வந்த ‘கிரைசிஸ் 2’ விளையாட்டுக்குப் பிறகு இது எங்கும் பரவியது. திரையில் ஏற்கெனவே வரைந்து முடித்த படமும், ஒவ்வொரு பிக்சலும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்ற கணக்கும் கையில் இருக்கின்றன. முழு உலகத்தையும் தேடாமல், அந்தப் படத்துக்குள்ளேயே கதிரை அடியடியாக நகர்த்தி எங்கே முட்டுகிறது என்று பார்க்கிறது இந்த உத்தி. காட்சியை மறுபடி வரைய வேண்டியதில்லை. நீர் மட்டுமல்லாமல் பளபளப்பான எந்தப் பரப்புக்கும் ஒரே கணக்கு போதும்.

இதன் குறையைத் தெப்பக்குளமே காட்டிக்கொடுத்துவிடும். படிக்கட்டில் நிற்பவர் மெல்லத் தலையைக் குனிந்து நீரை மட்டும் பார்க்கிறார் என்று வையுங்கள். கோபுரம் பார்வையின் மேல் எல்லையைத் தாண்டிப் போய்விடுகிறது. நிஜத்தில் நீரில் கோபுரம் அப்படியே இருக்கும். திரைவெளிப் பிரதிபலிப்பிலோ, திரையில் இல்லாத பொருளை எடுத்துக்கொடுக்க இடமில்லாததால், நீரிலிருந்தும் கோபுரம் மறைந்துபோகும். விளையாடுகிறவர் காமிராவைத் தாழ்த்தத் தாழ்த்த, நீரில் இருக்கும் கோபுரம் உச்சியிலிருந்து அழிந்துகொண்டே வரும்.

இன்னொரு குறை இதைவிட நுட்பமானது. நீராழி மண்டபத்தின் கூரை விளிம்பில் வளைந்து இறங்கும் கொடுங்கையைப் பாருங்கள். கரையில் உயரமான படியில் நிற்பவருக்கு அதன் மேல்புறம்தான் தெரியும். நீரில் தெரியும் மண்டபத்தில் அதே கொடுங்கையின் அடிப்புறம் தெரிகிறது. நீரிலிருக்கும் உருவத்தை நாம் நீருக்கு அடியிலிருந்து அண்ணாந்து பார்ப்பதற்குச் சமமான கோணத்தில் பார்க்கிறோம். திரையில் அந்த அடிப்புறம் வரையப்படவே இல்லை. அதனால் திரைவெளி உத்தி அந்த இடத்தில் எதையோ நீட்டி நிரப்புகிறது, அல்லது ஓட்டையாக விட்டுவிடுகிறது. நீரில் தெரிவது மேலே தெரிவதன் வெறும் கவிழ்ந்த நகல் என்று நினைப்பவர்கள் ஒருமுறை குளத்துக்குப் போய் இந்தக் கொடுங்கையைக் கவனித்துவிட்டு வரவேண்டும்.

எவ்வளவு பிரதிபலிக்கும் என்பதும் தனிக் கேள்வி. நேர் கீழே நீரைப் பார்த்தால், விழும் ஒளியில் 2 சதவீதம்தான் திரும்பி வருகிறது. அதனால்தான் காலடியில் படியும் பாசியும் மீனும் தெரிகின்றன. பார்வை சாயச்சாய இந்த அளவு ஏறுகிறது. செங்குத்திலிருந்து 60 பாகையில் சுமார் 6 சதவீதம், 75 பாகையில் சுமார் 21, 85 பாகையில் 58. எதிர்க்கரைக்கு அருகே குளம் கண்ணாடியாகவும் காலடியில் வெறும் தண்ணீராகவும் இருப்பது இதனால்தான். இந்தச் சமன்பாடுகளைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் ஃபிரெனல் தந்தார். 1994-இல் கிறிஸ்டோஃப் ஷ்லிக் அவற்றைச் சில பெருக்கல்களில் முடிந்துவிடும் எளிய தோராயமாகச் சுருக்கினார். இன்று ஓடும் பெரும்பாலான விளையாட்டுகளில் அந்தத் தோராயம்தான் இருக்கிறது. எந்த உத்தியைத் தேர்ந்தாலும் இதை விட்டுவிட்டால் நீர் நீராகத் தெரியாது. குளம் முழுக்க ஒரே அளவில் பளபளத்தால் பாதரசம் ஊற்றி வைத்த தொட்டியாகத்தான் தெரியும்.

தட்டையான பரப்பை விட்டு வளைந்த பரப்புக்கு வந்தால் கதை மாறுகிறது. பித்தளைக் குடத்துக்கு எந்தத் தளத்தில் காமிராவைக் கவிழ்ப்பது? 1976-இல் ஜிம் பிளின், மார்ட்டின் நியூவெல் இருவரும் இதற்கு விடை சொன்னார்கள். பொருளைச் சுற்றியுள்ள உலகத்தை ஒரு படமாக முன்கூட்டியே எடுத்துவைத்துக்கொள்ள வேண்டும். பரப்பிலிருந்து கதிர் எந்தத் திசையில் திரும்புகிறதோ அந்தத் திசையின் நிறத்தை அந்தப் படத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். இதற்குச் சூழல் வரைபடம் என்று பெயர். ஆறு பக்கமுள்ள பெட்டிபோல் அந்தப் படத்தைச் சேமித்தால் அது கியூப் மேப். கைபேசி விளையாட்டுகளில் கார் மினுங்குவதும் கத்தி மின்னுவதும் இன்றும் பெரும்பாலும் இதனால்தான்.

இதில் ஒரு பெரிய பொய் இருக்கிறது. சுற்றியுள்ள எல்லாமே எல்லையற்ற தூரத்தில் இருப்பதாக இந்த உத்தி எடுத்துக்கொள்கிறது. தரையில் வைத்த குடத்தில் தரை சரியான இடத்தில் தெரியாது. பக்கத்தில் நிற்கும் ஆள் குடத்தில் தெரியவே மாட்டார். ஆனாலும் பார்வையாளர் ஏமாறுகிறார், சந்தோஷமாகவே ஏமாறுகிறார். 2003-இல் ஃபிளெமிங், ட்ரோர், அடெல்சன் மூவரும் வெளியிட்ட ஆய்வு இதை நன்றாக விளக்குகிறது. ஒரு பரப்பு எவ்வளவு பளபளப்பானது என்பதை மனிதர்கள் சரியாகச் சொல்ல, அதைச் சுற்றி உண்மையில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டியதில்லை. நிஜ உலகத்து ஒளியின் இயல்பு அந்தப் பிரதிபலிப்பில் இருந்தால் போதும். வளைந்த பரப்பில் எது எங்கே தெரிகிறது என்று நம் மூளை கணக்குப் போடுவதில்லை. தட்டைக் கண்ணாடியில் மட்டும்தான் அது கறாராக இருக்கிறது.

கோடம்பாக்கத்துத் திரையுலகம் இதை நன்றாகவே அறியும். கிராஃபிக்ஸ் சேர்க்க வேண்டிய ஷாட்டை எடுத்து முடித்ததும், பளபளக்கும் உலோக உருண்டை ஒன்றைக் காமிராவுக்கு முன்னால் பிடித்துப் பல வெளிச்ச அளவுகளில் படமெடுப்பது விஎஃப்எக்ஸ் குழுக்களின் வழக்கம். குரோம் பால் என்பார்கள். அந்த இடத்தின் முழு வெளிச்சமும் அந்த உருண்டையில் பதிந்துவிடுகிறது. பல வெளிச்ச அளவுகளில் எடுத்ததைக் கொண்டு போலிப் பொருளுக்கு நிஜ வெளிச்சம் தரும் முறையை 1998-இல் பால் டெபெவெக் வகுத்துத் தந்தார். 1991-இல் வந்த ‘டெர்மினேட்டர் 2’ படத்தின் திரவ உலோக மனிதன் மின்னியதும் சூழல் வரைபடத்தின் வழியில்தான். ஷங்கர் இயக்கி 2010-இல் வந்த ‘எந்திரன்’ படத்துக்குச் சிறந்த சிறப்புக் காட்சியமைப்புக்கான தேசிய விருது கிடைத்தது. அதன் காட்சி விளைவுகளை மேற்பார்த்தவர் ஸ்ரீனிவாஸ் மோகன். உலோக முகம் கொண்ட ஒரு பாத்திரத்தை நிஜத் தெருவில் நிறுத்தும் எந்தக் குழுவும் முதலில் விடை தேட வேண்டிய கேள்வி, அந்தத் தெரு அந்த முகத்தில் எப்படித் தெரியும் என்பதுதான்.

இந்த உத்திகள் எல்லாம் ஒரே இடத்தில் தோற்பதைப் பார்க்க வேண்டுமானால் தியாகராய நகருக்கு வரவேண்டும். பனகல் பார்க்கைச் சுற்றியுள்ள நகைக்கடை ஒன்றின் உள்ளே சுவரெல்லாம் கண்ணாடி. எதிரெதிர்க் கண்ணாடிகளில் கடை முடிவில்லாமல் நீள்கிறது. கண்ணாடிக்கு ஒரு முறை என்று தளப் பிரதிபலிப்பைக் கணக்கிட்டால், கண்ணாடிக்குள் கண்ணாடி, அதற்குள் கண்ணாடி என்று வேலை பெருகிக்கொண்டே போகும். வாடிக்கையாளரின் முதுகுப்புறம் கண்ணாடியில் தெரியவேண்டும். திரைவெளி உத்திக்கு அது எட்டாது. தட்டைக் கண்ணாடி என்பதால் சூழல் வரைபடத்தின் பொய்யும் உடனே அகப்பட்டுவிடும்.

தங்கமோ இன்னும் கடினமானது. தங்கம் சிவப்பு ஒளியை ஏறத்தாழ முழுமையாகத் திருப்பி அனுப்புகிறது. பச்சையை முக்கால் பங்கு. நீலத்தை மூன்றில் ஒரு பங்கு. மஞ்சள் நிறம் அதனால் வருகிறது. இப்போது ஒரு காசுமாலையை எடுத்துக்கொள்ளுங்கள். காசுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருக்கின்றன. ஒரு காசில் பட்டுத் திரும்பிய ஒளி அடுத்த காசில் படுகிறது. இரண்டு முறை பட்டால் பச்சை பாதிக்குச் சற்று மேலான அளவுக்குக் குறைகிறது, நீலம் ஒன்பதில் ஒரு பங்காகிவிடுகிறது. ஆகவே காசுகளுக்கு இடையிலுள்ள இடுக்குகளில் தங்கம் வெளிமஞ்சளைவிட ஆழ்ந்த செம்மஞ்சளாகச் சிவக்கிறது. ஜிமிக்கியின் உட்குழிவிலும் இதைப் பார்க்கலாம். சூழல் வரைபடத்தில் ஒளி ஒரே ஒருமுறைதான் திரும்புகிறது. அதில் இந்தச் சிவப்பு வராது. இணையக் கடைகளில் சில நகைப் படங்கள் மஞ்சள் பூச்சு அடித்த பிளாஸ்டிக் போலத் தெரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இங்கே கதிரைத் துரத்தித்தான் ஆகவேண்டும். ரே டிரேசிங் என்று விளம்பரங்களில் பார்க்கிறோமே, அதுதான். 1980-இல் பெல் ஆய்வகத்தின் டர்னர் விட்டெட் எழுதிய கட்டுரை இதற்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தது. கதிர் ஒரு பரப்பில் முட்டியதும் அங்கிருந்து பிரதிபலித்த கதிர் ஒன்று, ஒளிவிலகிய கதிர் ஒன்று, விளக்கை நோக்கிய நிழல் கதிர் ஒன்று என்று கிளைகள் பிரிகின்றன. கட்டம்போட்ட தரைமேல் மிதக்கும் கண்ணாடிக் கோளங்களைக் கொண்ட அவருடைய படம் ஒன்றை வரைய, அன்றைய வாக்ஸ் கணினிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நகைக்கடையின் எதிரெதிர்க் கண்ணாடிகளுக்கு இத்தனை முறைதான் திரும்பலாம் என்று ஓர் எல்லை வைத்தால் போதும். ஒவ்வொரு முறையும் கண்ணாடி 90 சதவீத ஒளியைத் திருப்புகிறது என்று கொண்டால், பத்தாவது உருவத்தில் மிஞ்சுவது 35 சதவீதம்தான். மங்கியதை வெட்டிவிட்டாலும் கண் கண்டுகொள்ளாது.

ஆனால் விட்டெட்டின் முறையில் பிரதிபலிப்பு முழுக் கூர்மையாகத்தான் வரும். மெருகு குறைந்த தங்கத்துக்கும் எவர்சில்வர் பாத்திரத்துக்கும் மங்கலான பிரதிபலிப்பு வேண்டும். ஒளி பரப்பிலிருந்து ஒரே திசையில் போகாமல் பல திசைகளில் சிதறுகிறது. 1986-இல் ஜேம்ஸ் கஜியா எல்லாவற்றையும் ஒரே சமன்பாட்டில் அடக்கினார். ஒரு புள்ளியிலிருந்து புறப்படும் ஒளி என்பது, அது தானாக வெளியிடும் ஒளியும், எல்லாத் திசைகளிலிருந்தும் அதன்மேல் வந்து விழுந்து நம் பக்கம் திரும்பும் ஒளியும் சேர்ந்தது. வந்து விழும் ஒளியோ வேறொரு புள்ளியிலிருந்து புறப்பட்ட ஒளி. சமன்பாடு தன்னையே தனக்குள் அழைக்கிறது. நேரடியாகத் தீர்க்க முடியாததால், கதிர்களைத் தற்செயலான திசைகளில் அனுப்பிச் சராசரி எடுக்கிறார்கள். இதுதான் பாத் டிரேசிங். கதிர்கள் போதாவிட்டால் படம் முழுக்கப் புள்ளிபுள்ளியாக நாய்ஸ் நிற்கும். அந்த இரைச்சலைப் பாதியாக்கக் கதிர்களை நான்கு மடங்காக்க வேண்டும். கால்வாசியாக்கப் பதினாறு மடங்கு.

இந்தச் சமன்பாட்டின் மூத்த உறவு ஒன்று மயிலாப்பூரோடு தொடர்புள்ளது. சுப்பிரமணியன் சந்திரசேகர் வளர்ந்த ‘சந்திர விலாஸ்’ வீடு மயிலாப்பூரில்தான் இருந்தது. மாநிலக் கல்லூரியில் படித்து, 1930-இல் கேம்பிரிட்ஜ் போய், பின்பு அமெரிக்காவில் குடியேறிய அவர், 1950-இல் ‘ரேடியேட்டிவ் டிரான்ஸ்ஃபர்’ என்ற நூலை வெளியிட்டார். விண்மீன்களின் வளிமண்டலத்தில் ஒளி எப்படி மோதி, உறிஞ்சப்பட்டு, சிதறி வெளியே வருகிறது என்பதே அதன் பொருள். கஜியாவின் சமன்பாடு திடப் பரப்புகளுக்குச் சொல்வதை, அந்த நூலின் சமன்பாடு புகையும் வாயுவும் நிறைந்த வெளிக்குச் சொல்கிறது. திரையில் மேகமும் புகையும் மனிதத் தோலும் நிஜமாகத் தெரிய வழிசொன்ன ஆய்வுக் கட்டுரைகள் பலவற்றின் மேற்கோள்களில் அவர் பெயர் இருக்கும். வெள்ளைக் குள்ள விண்மீன்களின் எல்லைக்காகச் சந்திரசேகரைக் கொண்டாடும் நாம், கணினித் திரைக்கு அவர் கொடுத்ததையும் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

இவ்வளவு துல்லியமான முறை இருக்கும்போது எல்லாவற்றுக்கும் அதையே பயன்படுத்தினால் என்ன? திரைப்படம் பெருமளவு அப்படித்தான் மாறிவிட்டது. பிக்ஸார் தன் 2006-ஆம் ஆண்டுப் படமான ‘கார்ஸ்’-இல் கார்களின் பளபளப்புக்காக ரே டிரேசிங்கை விரிவாகப் பயன்படுத்தியது. இரண்டு மணி நேரப் படத்தில் 1,72,800 ஃபிரேம்கள் இருக்கின்றன. முழுக்க முழுக்க கிராஃபிக்ஸ் என்றால், ஃபிரேமுக்கு ஒரு மணி நேரம் வீதம் ஒரே கணினி கிட்டத்தட்ட இருபது ஆண்டு ஓட வேண்டும். ரெண்டர் ஃபார்ம் என்று கணினிகளை வரிசையாக அடுக்கி வைப்பது அதற்காகத்தான். காத்திருக்க முடிகிற தொழிலில் அது நடக்கும்.

விளையாட்டில் நடக்காது. 2018-இல் கதிர்களைத் துரத்தவென்றே தனிப் பகுதி கொண்ட கிராஃபிக்ஸ் கார்டுகள் ஆர்டிஎக்ஸ் என்ற பெயரில் வந்த பிறகும், விளையாட்டுகள் பெரும்பாலும் கலவையைத்தான் நம்புகின்றன. திரையில் கிடைப்பதைத் திரைவெளி உத்தியில் எடுத்துக்கொண்டு, கிடைக்காத இடத்துக்கு மட்டும் கதிர் அனுப்புகிறார்கள். அதற்கும் வசதி இல்லாத கருவியில் கியூப் மேப். மெய்நிகர் உலகத்தில் நெருக்கடி இன்னும் கூடுதல். கண்ணில் மாட்டும் கருவியில் விநாடிக்கு 90 ஃபிரேம், அதுவும் இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாக. கிடைப்பது 11 மில்லி விநாடி. இரண்டு கண்ணுக்கும் ஒரே பிரதிபலிப்பைக் கொடுத்தால், அது நீரின் அடியில் தெரியாமல் மேலே ஒட்டிய தாளாகத் தெரியும். அங்கே தெப்பக்குளத்துக்கு, பழைய தளப் பிரதிபலிப்பே இன்றும் சிறந்த தேர்வு.

கதிர் உத்தியைவிடப் பரப்பின் குணம் முக்கியமாகிற இடங்களும் உண்டு. வடகிழக்குப் பருவமழையில் நனைந்த அடையாறு சர்தார் படேல் சாலையில், தெருவிளக்குகளின் பிரதிபலிப்பு வட்டமாக இல்லாமல் நம்மை நோக்கி நீண்ட கோடுகளாக விழுகிறது. பார்வை மிகவும் சாய்ந்திருப்பதால், தரையின் சிறு மேடுபள்ளங்கள் ஒளியைப் பக்கவாட்டில் சிதறடிப்பதைவிட நீளவாட்டில் அதிகம் சிதறடிக்கின்றன. வியட்நாமில் பிறந்த புய் துவோங் ஃபோங் 1975-இல் வெளியிட்ட சூத்திரம் இந்த இடத்தில் வட்டப் பொட்டாகத்தான் வரையும். பிளின் 1977-இல் செய்த மாற்றம் நீண்ட கோட்டைத் தரும். எத்தனை கோடிக் கதிர்களை அனுப்பினாலும், முதல் சூத்திரத்தோடு அனுப்பினால் நனைந்த சாலை வராது. பட்டும் அப்படித்தான். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்று நெய்த மயில்கழுத்துச் சேலை, மடிப்புக்கு மடிப்பு நிறம் மாறுவது இழைகளின் திசையால். இழையின் திசையைக் கணக்கில் கொள்ளாத பரப்பைப் பாத் டிரேசிங்கில் போட்டால், மிகத் துல்லியமாக வரைந்த பாலியஸ்டர்தான் கிடைக்கும்.

அனிமேஷனும் விளையாட்டு வடிவமைப்பும் படிக்கும் பிள்ளைகள் சென்னையில் ஏராளம். மென்பொருளில் ரே டிரேசிங் பொத்தானை அழுத்துவதற்கு முன் அவர்கள் கேட்க வேண்டியவை சில. பரப்பு தட்டையா, வளைந்ததா? பிரதிபலிப்பு கூர்மையா, மங்கலா? அதில் தெரிய வேண்டியது திரைக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? ஒளி ஒருமுறை திரும்பினால் போதுமா, காசுமாலையைப் போலப் பலமுறை திரும்ப வேண்டுமா? பிளெண்டர் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் பாத் டிரேசிங் செய்யும் சைக்கிள்ஸ், குறுக்குவழிகளில் வேகமாக வரையும் ஈவீ இரண்டும் இருக்கின்றன. ஒரு குளம், ஒரு மண்டபம், நான்கு படி, இவற்றை மட்டும் செய்து இரண்டிலும் வரைந்து பாருங்கள். பிறகு மயிலாப்பூருக்குப் போய், எது எங்கே தவறியது என்று நேரில் ஒப்பிடுங்கள். முதலில் கொடுங்கையின் அடிப்புறத்தைப் பாருங்கள்.